ஓட்டுச் சீட்டில் நான் எழுதிய எண்

1

போன வாரக் கப்பல் தபாலில் என் மைத்துனர் கடிதம் வந்தது. அவர் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்து வாத்தியார். வருகிற மாசியில் நடக்கப்போகும் சட்டசபைத் தேர்தலில் அவருக்கு ஓட்டுச் சாவடியில் வேலை கொடுத்திருக்கிறார்களாம். புதிய சட்டத்தால் முன்பு ஓட்டில்லாத எத்தனையோ பேருக்கு இப்போது ஓட்டு வந்திருக்கிறது. எழுத்துத் தெரியாதவர்களுக்காக நிறம் நிறமாகப் பெட்டி வைக்கப்போகிறார்கள். போன தடவை பக்கத்து ஊரில் கம்பும் கல்லுமாகிவிட்டது, இந்தத் தடவை ஒருவர் மண்டையும் உடையாமல் நடத்திவிடவேண்டும் என்று எழுதியிருந்தார். கடைசியில் இப்படி ஒரு வரி:

"தோட்டத்தில் நீங்கள் நடத்திய தேர்தலைப் பற்றி நம் பத்திரிகையில் முன்பு எழுதினீர்களே, அந்தப் பிரதியைத் தேடி எடுத்துவிட்டேன். சாவடி வேலைக்குப் போகும் வாத்தியார்களெல்லாம் கூடும் அன்று அதை வாசித்துக் காட்டப் போகிறேன்."

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மலாக்கா நகரத்தில் இப்போது நான் வேலை பார்க்கும் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே தோணிக்காரர்கள் மலாயில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் கொடுத்தேன். ஒரே வாக்கியத்தை மூன்று தடவை சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஒரு பெண் எழுந்து, "சார், இது முன்னமே எழுதியாச்சு" என்றாள்.

இந்தப் பத்திரிகையில் ஐந்து வருஷத்துக்கு முன் நான் எழுதிய அந்தக் கட்டுரையில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது ஓட்டு எண்ணிய நாளோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதவில்லை. அதைப் பாராட்டி ஊரிலிருந்து வந்த கடிதங்களைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

2

மலாக்காப் பக்கத்து ரெம்பியாவிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருந்தது அந்த ரப்பர்த் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே ஒன்பது வருஷம் வாத்தியாராக இருந்தேன். பள்ளிக்கூடம் என்றால் ஓலைக் கூரை போட்ட ஒரே அறை. விடியுமுன் மணி அடித்ததும் ஆட்கள் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுத்துவிட்டுப் பால் வெட்டப் போவார்கள். வெயில் ஏறின பிறகு அவர்களுடைய குழந்தைகள் என்னிடம் வருவார்கள்.

லயங்கள் என்ற வரிசை வீடுகளில் குடியிருக்கும் ஜனங்களுக்காகத் துரையிடம் பேச ஒரு தலைவர் இருப்பார். தண்ணீர்க் குழாய் உடைந்தால் அவர்தான் போய்ச் சொல்லவேண்டும். புருஷன் பெண்சாதி வழக்கு வந்தாலும், அம்மன் திருவிழாவில் யார் முன்னால் போவது என்று தகராறு வந்தாலும் அவர் சொல்வதுதான் முடிவு. அதுவரை ஆட்களை மேற்பார்க்கும் பெரிய கங்காணி கைகாட்டிய ஆளே தலைவராக இருந்து வந்தார். அந்த வருஷம் புதிதாக வந்த துரை, ஆட்களே ஒருவரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பெரிய கங்காணியின் தம்பி மகன் சின்னக்கண்ணு. இன்னொருவர் கீழ் லயத்து வீரையன். கீழ் லயத்தாரைத் தங்கள் பானையைத் தொடவிடாதவர்கள் மேல் லயத்தில் இருந்தார்கள். அந்த லயத்திலிருந்து ஒருவர் தலைமைக்கு நின்றது அதுவே முதல் தடவை. வீரையன் அதிகம் பேசமாட்டார். கீழ் லயத்துக் குழாய் உடைந்து கிடந்தபோது, பால் கொண்டுவந்து ஊற்றிவிட்டுத் தினமும் ஆபீஸ் வாசலில் வந்து சும்மா நிற்பார். என்ன என்று கேட்டால், "குழாய்" என்பார். இரண்டு மாதம் அப்படி நின்று குழாயைச் சரிபண்ண வைத்தார்.

பழைய கட்டுரையில் அவரை "அவன்" என்று எழுதியிருந்தேன். ஆபீஸ் எழுத்தரான கிராணியை "அவர்" என்று எழுதியிருந்தேன். இப்போது திருப்பிப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

முதலில் பெரட்டுக் களத்தில் கை தூக்கச் சொன்னார்கள். வீரையனுக்குக் கை தூக்குங்கள் என்று சொன்னபோது பெரிய கங்காணி முன்னால் வந்து நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒரு பெண் தூக்கினாள். அவள் புருஷன் அந்தக் கையைப் பிடித்து இழுத்தார். அவரை யாரோ தள்ளினார்கள். பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவர் மணிக்கட்டு முறிந்தது. இன்னொருவர் நெற்றியைப் பால் வெட்டும் கத்தி கிழித்துவிட்டது. ஒரு வாரத்தில் சண்டையில்லாத வழி கண்டுபிடிக்காவிட்டால் தானே ஆளை நியமிப்பதாகத் துரை சொல்லிவிட்டார்.

3

வழி சொன்னவன் நான். யார் யாருக்குப் போட்டார்கள் என்பது வெளியே தெரிந்தால்தான் சண்டை, தெரியாவிட்டால் சண்டை எதற்கு என்று துரையிடம் போய்ச் சொன்னேன். அவருக்குப் பிடித்துவிட்டது.

இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்களை எடுத்து மேல் மூடியில் கீறல் வெட்டினேன். ஒன்றுக்கு ஸ்டோரிலிருந்து வாங்கின சிவப்புச் சாயம். இன்னொன்றுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. சின்னக்கண்ணுவுக்குச் சிவப்பு, வீரையனுக்கு வெள்ளை. பள்ளிக்கூடத்து மூலையில் பாய் கட்டி மறைத்து, அதற்குப் பின்னால் இரண்டையும் வைத்தேன். ஆள் தனியாக உள்ளே போய் ஒன்றில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் இரண்டு பக்கத்துக்கும் பயம் இருந்தது. கீழ் லயத்து ஆட்கள் இரண்டு தடவை போடுவார்கள் என்று கங்காணி சொன்னார். கங்காணி பக்கத்துத் தோட்டத்து ஆட்களைக் கொண்டுவருவார் என்று கீழ் லயத்தில் சொன்னார்கள். இரண்டையும் தடுக்க, ஒவ்வொரு சீட்டிலும் ஓர் எண் எழுதினேன். ஆபீசில் உள்ள பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண் உண்டு. அதே எண்.

அதன் அர்த்தத்தை ஒருவர் மட்டும் உடனே புரிந்துகொண்டார். பெரியசாமி. ஸ்டோரில் ரப்பர் தகடுகளுக்குப் புகை போடும் வேலை அவருக்கு. வீரையன் மனைவி அஞ்சலையின் கூடப்பிறந்த அண்ணன். சாயம் கொடுக்க வந்தவர் நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நம்பரு எதுக்கு வாத்தியாரே?"

"ஒருத்தருக்கு ரெண்டு சீட்டு போயிடக் கூடாதுல்ல, அதுக்குத்தான்."

"அப்போ யாரு எதுல போட்டான்னு பின்னால நீங்க பாத்துக்கலாம்."

"பாக்கலாம். பாக்கமாட்டேன். எண்ணி முடிஞ்சதும் எரிச்சிடுவேன்."

அவர் போகவில்லை. அதனால், "என் பிள்ளை மேல சத்தியம்" என்றேன்.

அது அவருக்குப் போதுமானதாக இருந்தது. அன்று சாயங்காலமே லயம் லயமாகப் போய், "வாத்தியார் பிள்ளை மேல சத்தியம் பண்ணிட்டாரு. யாருக்கும் தெரியாது, பயப்படாம போடுங்க" என்று சொல்லியிருக்கிறார்.

4

ஓட்டுக்கு மலாயில் 'உண்டி' என்று சொல்வார்கள். ஆபீசிலிருந்த மலாய்ப் பியூன் லயத்தில் போய், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் 'உண்டி' போட வரவேண்டும் என்று சொல்லிவிட்டான். நம்மவர்கள் அதைக் கோயில் உண்டியல் என்று நினைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்தார்கள். சிலர் சீட்டுக்குள் ஒரு காசு வைத்து மடித்துப் போட்டார்கள். சிலர் மறைப்பை விட்டு வெளியே வரும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் சிரித்தேன். கட்டுரையிலும் அதை வேடிக்கையாக எழுதினேன். அவர்கள் செய்தது வேடிக்கையில்லை என்று இப்போது படுகிறது.

ஒரு வாரத்துக்கு முன் அடித்துக்கொண்டவர்கள் ஒரே வரிசையில் நின்றார்கள். கட்டுப் போட்ட மணிக்கட்டோடு நின்றவருக்குப் பின்னால், அதை முறித்தவர் நின்றார். யாரும் யாரையும் பார்த்து முறைக்கவில்லை. அஞ்சலை மறைப்புக்குள் போய்விட்டு வந்து, "உள்ள யாருமே இல்ல வாத்தியாரய்யா" என்றாள். யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்திருக்கிறாள். அவள் முகத்தில் இருந்த ஆச்சரியத்தைக் கட்டுரையில் நான் நன்றாகவே எழுதியிருக்கிறேன். அந்தப் பத்தியைத்தான் எல்லாரும் பாராட்டினார்கள்.

பதினேழு சீட்டு அதிகம் பெற்று வீரையன் ஜெயித்தார். மேல் லயத்திலிருந்தும் சிலர் அவருக்குப் போட்டிருக்கவேண்டும். இல்லாவிட்டால் கணக்கு வராது. கங்காணி முகம் இறுகிப்போய்விட்டது. ஆனால் யாரைப் பிடித்து என்ன கேட்பது? ஒன்றும் தெரியவில்லை. அன்று கல் ஒன்றுகூடப் பறக்கவில்லை.

சீட்டுகளை எரிக்கவில்லை. இரண்டு கட்டாகக் கட்டிப் பள்ளிக்கூட அலமாரியில் வைத்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வருகிறவரிடம் காட்டவேண்டும், கட்டுரை எழுதும்போது பக்கத்தில் இருக்கவேண்டும் என்று ஆசை. என் கையால் நடந்த ஒரு காரியத்தின் அடையாளத்தை எரிக்க மனசு வரவில்லை.

5

அடுத்த சில மாதங்களில் ரப்பர் விலை விழுந்தது. அது எவ்வளவு விழுந்தது என்று ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கப்பல் கப்பலாகத் திரும்பி வந்தவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு பெரிய கிராணி வந்தார். தோட்ட ஆபீசின் தலைமை எழுத்தர். மென்மையாகப் பேசுகிறவர். யாரையும் ஒருமையில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிள்ளைகளின் பலகையில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"வாத்தியாரே, அந்த எலெக்சன் சீட்டெல்லாம் இன்னும் இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

எரித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அலமாரியை அவர் திறந்து பார்த்திருக்கமாட்டார். ஒரு சொல்லில் முடிந்திருக்கும். இந்த ஐந்து வருஷத்தில் அந்தச் சொல்லை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"நாப்பது குடும்பத்த ஊருக்கு அனுப்பச் சொல்லி கம்பெனியிலருந்து லெட்டர் வந்திருக்கு" என்றார். "யார அனுப்புறதுன்னு துரைக்கும் தெரியல, எனக்கும் தெரியல. கங்காணியக் கேட்டா அவருக்குப் பிடிச்ச ஆளுங்கள மட்டும் வெச்சிக்குவாரு. அப்புறம் மறுபடியும் வெட்டு குத்துன்னு வரும். வீரையன் பக்கத்து ஆளுங்க கொஞ்சம் கொறஞ்சா தோட்டம் சண்டையில்லாம ஓடும்னு துரை நெனைக்கிறாரு லா."

"ரகசியம்னு சொல்லித்தான் போடச் சொன்னோம்."

"ரகசியமாவே பாப்போம். நீங்களும் நானும் மட்டுந்தான்."

நான் பிள்ளைகளின் நோட்டுகளை எடுத்து அடுக்கினேன். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"பிள்ளைங்க கொறஞ்சா பள்ளிக்கூடம் வேணுமான்னும் துரை யோசிக்கிறாரு. உங்க மகனுக்கு மலாக்கா இங்கிலீஸ் ஸ்கூல்ல எடம் கேட்டு லெட்டர் குடுத்தீங்கல்ல, அது மேசையிலதான் இருக்கு. கையெழுத்துதான் போடணும்."

அவர் மிரட்டவில்லை. எனக்கு உதவி செய்யத்தான் அதைச் சொன்னார். அன்று அவரிடம் எனக்கு நன்றியே இருந்தது. என்னை அதிகம் கூச வைப்பது இதுதான்.

அலமாரியைத் திறந்தேன். வெள்ளைக் கட்டை முதலில் எடுத்தேன். அவர் பெயர்ப் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தார். நான் எண்ணை வாசித்தேன், அவர் குறியிட்டார். வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் அதே குரலில் வாசித்தேன். ஓர் இடத்தில் அவர் தவறான பெயருக்கு எதிரே குறி போட்டுவிட்டார். "அது நூத்து நாப்பத்தொண்ணு இல்ல, நாப்பத்தேழு" என்று நானே திருத்தினேன். அந்த வேலையிலும் தப்பு வரக்கூடாது என்று எனக்கு இருந்திருக்கிறது.

ஸ்டோர் ஆட்களைத் தொடப்போவதில்லை, அவர்கள் வேலைக்கு வேறு ஆள் கிடைக்காது என்று கிராணி முதலிலேயே சொல்லியிருந்தார். ஆகவே அவர்கள் சீட்டைப் பார்க்க அவசியமே இல்லை. இருந்தும் வாசித்தேன். சிவப்புக் கட்டையும் அவிழ்த்து, கடைசிச் சீட்டுவரை வாசித்தேன்.

அவர் போன பிறகு சீட்டுகளைப் பள்ளிக்கூடத்துப் பின்னால் கொண்டுபோய் எரித்தேன். மூன்றாம் நாள் துரை கையெழுத்திட்ட கடிதம் வந்தது.

6

பட்டியல் வெளியானபோது அதில் வீரையன் பெயர் முதலில் இருந்தது. கீழ் லயம் பாதிக்கு மேல் இருந்தது. மேல் லயத்திலிருந்தும் ஆறு குடும்பம் இருந்தது. அந்த ஆறு குடும்பத்தைப் பார்த்ததும், வீரையனுக்குப் போட்டவர்களைத்தான் அனுப்புகிறார்கள் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

போகிறவர்களுக்காக ஆபீசில் ஒரு தாள் தயாரித்திருந்தார்கள். அதில் "ஏன் போகிறாய்" என்று ஒரு கட்டம். "சொந்த விருப்பம்" என்று எழுதிக் கைநாட்டு வாங்கச் சொன்னார் கிராணி. நாற்பது தாளிலும் எழுதியவன் நான். கீழே எழுதினவர் பெயர் போடும் இடத்தில் என் பெயரையும் போட்டேன். ஒரு தாளில் 'விருப்பம்' என்பதற்கு வல்லின 'ற' போட்டுவிட்டு, அடித்துத் திருத்தினேன்.

யார் சொன்னது என்று லயத்தில் பேச்சு எழுந்தது. என் பெயர் யார் வாயிலும் வரவில்லை. பிள்ளை மேல் சத்தியம் செய்தவனை யார் சந்தேகப்படுவார்கள்? லயம் லயமாகப் போய், பயப்படாமல் போடுங்கள் என்று சொன்னவர் பெரியசாமி. அப்படிப் போனபோது பலர் தாங்கள் யாருக்குப் போடப்போகிறோம் என்பதை அவரிடம் சொல்லியிருந்தார்கள். பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவ்வளவு போதுமானதாக இருந்தது.

தம்பின் ரயிலடிக்குப் போக லாரி வந்து நின்ற காலையில் நானும் களத்துக்குப் போனேன். பெரியசாமி தங்கை பிள்ளைகளுக்காக ஒரு துணியில் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். அஞ்சலை அதை வாங்கிச் செம்மண்ணில் வைத்துவிட்டு லாரியில் ஏறினாள். அவர் குனிந்து அதை எடுக்கவில்லை, அங்கேயே நின்றார். வீரையன் மைத்துனரைத் தாண்டி நேராக என்னிடம் வந்து கைகூப்பினார்.

"வரேன் வாத்தியாரே. எங்களுக்கும் ஒரு தரம் நடத்திக் குடுத்தீங்க. அது போதும்."

நானும் கைகூப்பினேன். பெரியசாமி நாலு அடி தள்ளி நின்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

என் கட்டுரை வந்த பத்திரிகைப் பிரதி, அவர்கள் கப்பல் போய் மூன்று வாரம் கழித்து வந்து சேர்ந்தது.

7

அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் சண்டை ஒன்றும் வரவில்லை. அடுத்த வருஷம் தேர்தலும் வரவில்லை. கங்காணி மறுபடி ஆளைக் கைகாட்டினார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. துரை ஒரு நாள் என்னைப் பார்த்து, தோட்டம் இப்போது அமைதியாக இருக்கிறது என்றார். லயத்தில் ஜனங்கள் சாயங்காலம் வெளியே உட்கார்ந்து பேசுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். அதை அமைதி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் நான் நகரத்துக்கு வந்துவிட்டேன். என் மகன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தான், இப்போதும் படிக்கிறான். சிநேகிதர்களோடு இங்கிலீஷும் மலாயும் கலந்து பேசுகிறான். என்னிடம் தமிழில் பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுக்கிறான். விடுமுறைக்குச் சிநேகிதன் வீட்டுக்குப் போனவன் எனக்கு இங்கிலீஷில் கடிதம் போட்டான். பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்து அர்த்தம் கேட்டுக்கொண்டேன். நேற்று நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "என்னப்பா எழுதுறீங்க?" என்று கேட்டான். படித்துப் பாரேன் என்றேன். முதல் இரண்டு வரியை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "லாங்கா இருக்கு லா" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவனுக்காகத்தான் அதைச் செய்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். அப்படிச் செய்யும்படி அவன் என்னிடம் கேட்டதில்லை.

மைத்துனருக்குத் தனியாக எழுதிவிட்டேன். பழைய கட்டுரையை வாசிக்கவேண்டாம், வாசித்தே தீரவேண்டுமென்றால் இதையும் சேர்த்து வாசியுங்கள் என்று. பெட்டிக்கு எத்தனை நிறம் என்பதல்ல விஷயம். உங்கள் சீட்டில் எண் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. இருந்தால், அந்த எண்ணும் பெயர்ப் பட்டியலும் ஒரே ஆள் கையில் சேரவிடாதீர்கள். அந்த ஆள் யோக்கியர் என்று ஊரே சொன்னாலும் விடாதீர்கள். என்னையும் அப்படித்தான் சொன்னார்கள். வரிசையில் நிற்கும்போது மண்டை உடைவதைப் போலீசை நிறுத்தித் தடுத்துவிடலாம். ஓட்டுப் போட்டதற்காக ஆறு மாதம் கழித்து ஒருவன் நிலத்தை விட்டோ வேலையை விட்டோ விரட்டப்பட்டால், அதைத் தடுக்க அப்போது யாரும் நிற்கமாட்டார்கள். அதுவும் தேர்தல் சண்டைதான். ஒரு பக்கத்தார் மட்டும் அடி வாங்குகிற சண்டை.

8

ரப்பர் விலை ஏறினதும் போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். வீரையன் குடும்பமும் வந்தது. சுங்கை ஊடாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். போய்ப் பார்க்கவில்லை.

இந்த வருஷம் ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை பஸ் பிடித்து என்னைத் தேடி வந்தாள். பள்ளிக்கூடத்தில் தனியாக நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். மெலிந்திருந்தாள். உட்காரச் சொன்னேன். பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு கடுதாசி எழுதணும் வாத்தியாரய்யா. வேற யார்கிட்டயும் சொல்லி எழுத முடியாது."

"யாருக்கு?"

"எங்க அண்ணனுக்கு. பெரியவளுக்கு ஆவணியில கல்யாணம். தாய்மாமன் மொறைக்கு வந்து நிக்கறேன்னு ஆள்மேல ஆள் சொல்லி விடுறாரு. வரவேணாம்னு எழுதணும். மொறைக்கு வேற ஆள் பாத்தாச்சுன்னு எழுதுங்க."

தாளை எடுத்தேன். "அண்ணனுக்கு அஞ்சலை எழுதுவது" என்று எழுதினேன். அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

"நாப்பது குடும்பத்தக் காட்டிக் குடுத்துட்டு நீ மட்டும் சம்பளம் வாங்கின. ஊர்ல ரெண்டு வருசம் மழையில்ல. என் சின்னவன் அங்கதான் காய்ச்சல்ல போனான். உன் கையால எம்மவளுக்கு மால போட வேணாம். அப்பிடியே எழுதுங்க. ஒண்ணும் கொறைக்காதீங்க."

அவளுடைய சின்ன மகன் இறந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். லாரியில் ஏறும்போது அவள் இடுப்பில் இருந்த குழந்தை. "நாப்பது குடும்பத்தை" என்பதுவரை எழுதியிருந்தேன். அதற்கு மேல் கை போகவில்லை.

"அஞ்சலை, உங்க அண்ணன் சொல்லல" என்றேன். "நான்தான்."

புரியாமல் பார்த்தாள். சீட்டில் எண் எழுதியதிலிருந்து எரித்ததுவரை எல்லாவற்றையும் சொன்னேன். மகனுடைய பள்ளிக்கூடக் கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். வெளியே தோணி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது பாலத்தைத் தாண்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லார் சீட்டையும் படிச்சீங்களா?"

"எல்லாத்தையும்."

"அண்ணன் சீட்டையுமா?"

"அதையும்."

"எதுல போட்டிருந்தாரு?"

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"எம் புருசனுக்குத்தான் போட்டாரா? அத மட்டும் சொல்லுங்க."

"சொல்லமாட்டேன் அஞ்சலை. அது அவரோடது. பட்டியல்ல அவர் பேர் இல்லாததுக்கு அது காரணம் இல்ல. ஸ்டோர் ஆளுங்க யாரையுமே எடுக்கல. அது சத்தியம்."

சத்தியம் என்ற சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் காதில் விழுந்தது. அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"அன்னிக்கு கிராணிக்குச் சொன்னீங்க. இன்னிக்கு எனக்குச் சொல்லமாட்டேங்கறீங்க."

அவளிடம் சொல்லாததை இங்கேயும் எழுதவில்லை. இதைப் படிக்கிறவர்கள் எதையும் ஊகிக்கவேண்டாம். பெரியசாமி சிவப்பில் போட்டிருந்தாலும் வெள்ளையில் போட்டிருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். அது எனக்குத் தெரிந்திருப்பதே தப்பு.

அவள் தாளின் பக்கம் கை நீட்டி, "அந்தத் தாளக் கிழிங்க" என்றாள். கிழித்தேன். "வேற எழுதுங்க. அண்ணே, ஆவணியில கல்யாணம். நீ வந்து நில்லு. அவ்வளவுதான்."

எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னாள், வாசித்தேன். கட்டைவிரலில் மை தொட்டு வைத்தாள். உறையில் போட்டு ஒட்டி, முகவரி எழுதினேன். நாளைக்கு நானே தபாலில் சேர்த்துவிடுகிறேன் என்று கை நீட்டினேன்.

"வேணாம்" என்று உறையை எடுத்துக்கொண்டாள். "நானே போட்டுக்கறேன்."

தபாலாபீசு எதிர்க்கரையில் இருக்கிறது. ஜன்னலில் நின்று பார்த்தேன். பாலத்தைக் கடந்து போய்ப் பெட்டியில் போட்டாள். போட்ட பிறகு பெட்டியின் வாய்க்குள் விரலை விட்டு, கடிதம் உள்ளே விழுந்துவிட்டதா என்று தடவிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பெரியசாமி வந்து முறைக்கு நின்றார் என்று சுங்கை ஊடாங் பஸ் ஓட்டுகிறவர் சொன்னார். எனக்கு அழைப்பில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அந்த நாற்பது குடும்பத்தில் திரும்பி வராமல் ஊரிலேயே தங்கிவிட்டவர்கள் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. ரெம்பியாப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவர்கள் என்று யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இந்த ஒன்றை மட்டும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்: பெரியசாமி யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. எண்களை வாசித்தவன் வாத்தியார்.